கடாரமும் கெடாவும்: நம் எண்ணங்களைத் திருத்தும் நூல்கள்

கெடா மாநிலத்தில் வாழும் தமிழரிடையே தம்மைப் பற்றிய எண்ணங்கள் இரண்டு உலவுகின்றன. ஒன்று மேடைக்கு உரியது. மற்றொன்று வீட்டுக்கு உரியது. மேடை ஏறியவுடன், "கடாரம் கொண்ட சோழனின் வழிவந்தோர் நாம், இம்மண் நம் முன்னோர் ஆண்ட மண்" என்று முழங்குகிறோம். வீடு திரும்பிப் பிள்ளை பாடப் புத்தகத்தைத் தள்ளி வைத்திருக்கக் கண்டால், "கப்பலேறிக் கூலிக்கு வந்த கூட்டந்தானே நாம், நமக்குப் படிப்பு எங்கே ஏறப்போகிறது?" என்று நொந்துகொள்கிறோம். முன்னதில் அளவு கடந்த பெருமை. பின்னதில் அளவு கடந்த சிறுமை. இவ்விரண்டையும் கேட்டு வளரும் தோட்டப்புறத்துப் பிள்ளை ஒரு நாள் எழுந்து நின்று, "ஐயா, நாம் வென்றவர்களா, கூலிக்கு வந்தவர்களா?" என்று கேட்குமானால், ஆசிரியர் யாது விடை கூறுவார்?

இவ்வினாவுக்கு விடை தேடும்பொழுதுதான் நல்ல வரலாற்று நூல்களின் அருமை புலனாகிறது. நாம் முன்னரே நம்பியிருப்பதை மீண்டும் ஒருமுறை சொல்லி மகிழ்விக்கும் நூல்கள் பல. நம்பியதை நிறுத்தி வைத்து, "இதற்குச் சான்று என்ன?" என்று கேட்கும் நூல்கள் சில. அச்சிலவற்றுள், கெடா மண்ணோடு தொடர்புடைய ஐந்தாறு நூல்களைத் தமிழாசிரியர்கட்கும் வாசகர்கட்கும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடாரம் எங்கே இருந்தது?

கடாரம் என்றால் கெடாதான் என்று இன்று பள்ளிச் சிறுவரும் சொல்வர். ஆயினும் இவ்வுண்மை எளிதில் கிட்டியதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் படித்த தொடக்கக் கால ஆராய்ச்சியாளருள் சிலர் கடாரத்தைப் பர்மா நாட்டில் தேடினர். 'சிரீவிசயம்' என்பது ஒரு நாட்டின் பெயரா, அரசனின் பெயரா என்பதுகூடத் தெளிவாகாமல் இருந்தது.

1918 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதேஸ், 'சிரீவிசய அரசு' பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். சுமத்திராவில் கிடைத்த கல்வெட்டுகள், சீன நாட்டுக் குறிப்புகள், நம் சோழர் சாசனங்கள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, சிரீவிசயம் என்பது பாலெம்பாங்கைத் தலைநகராகக் கொண்ட பேரரசு என்று நிலைநாட்டினார். கடாரம் அப்பேரரசின் வடபால் வாயிலாகிய கெடா என்பதும் வலுப்பெற்றது. அறுநூறு ஆண்டுகள் கடலாண்ட ஒரு பேரரசு உலகின் நினைவிலிருந்து முற்றும் மறைந்து கிடந்தது. அதனை மீட்டெடுக்க உதவிய சான்றுகளுள் தஞ்சைக் கல்லில் வெட்டிய தமிழ் எழுத்தும் ஒன்று. இது நாம் நியாயமாகப் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆனால் நம் மேடைகளில் இப்பெருமை பேசப்படுவதில்லை.

வென்றது உண்மை, ஆண்டது உண்டா?

அடுத்து நாம் கையில் எடுக்க வேண்டிய நூல், பேராசிரியர் க. அ. நீலகண்ட சாத்திரியார் 1935, 1937 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட 'சோழர்கள்' ஆகும். இந்நூல் தமிழிலும் வெளிவந்துள்ளது. இதனோடு தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' என்னும் நூலையும் சேர்த்துப் படிப்பது நலம்.

இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டையொட்டிக் கடற்படை அனுப்பி, கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்தான் என்பதில் ஐயமில்லை. மெய்க்கீர்த்தி பதின்மூன்று இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. ஆனால் அவ்விடங்களில் சோழன் ஆட்சி நிறுவினான், அதிகாரிகளை அமர்த்தினான், வரி தண்டினான் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதைச் சாத்திரியார் சுட்டிக்காட்டினார். தமிழகத்தில் ஓர் ஏரிக்கரையைக் காத்தற்கும், ஒரு விளக்குக்கு நெய் ஊற்றுதற்கும் கல்வெட்டு எழுதி வைத்த சோழர், ஆண்டதாக நாம் சொல்லும் கடாரத்தில் அத்தகைய ஆட்சிச் சாசனம் ஒன்றுகூட விட்டுச் செல்லவில்லை. ஏறத்தாழ 1068 இல் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, அதன் அரசனுக்கே திருப்பிக் கொடுத்ததாக அவன் கல்வெட்டே கூறுகிறது. வெற்றி உண்டு, குடியேற்ற ஆட்சி இல்லை.

இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. இராசராசன் தன் 21 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 இல், நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அதனைக் கூறும் இருபத்தொரு செப்பேடுகள் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால் 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் பெற்றன. 1090 ஆம் ஆண்டில் கடாரத்தரசனின் தூதர் வந்து வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அவ்விகாரத்தைச் சார்ந்த ஊர்களுக்கு வரி நீக்கி மற்றொரு சாசனம் தந்தான். 1005 முதல் 1090 வரை எண்பத்தைந்து ஆண்டுகள். கொடை, வாணிகம், தூது, போர், மீண்டும் தூது, மீண்டும் கொடை என அவ்வாண்டுகள் கழிந்தன. நாமோ நடுவில் நடந்த போரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நின்ற நட்பை மறந்துவிட்டோம். கடாரத்து மன்னன் நாகையில் விகாரம் கட்டியதைக் கொண்டு, "நாகப்பட்டினம் எங்கள் நாடு" என்று எவரும் சொல்லுவதில்லை. அவ்வாறாயின், சோழன் படையெடுத்ததைக் கொண்டு நாம் சொல்லுவது மட்டும் எங்ஙனம் பொருந்தும்?

போருக்குக் காரணம் யாது என்பதிலும் பழைய எண்ணம் மாறி வருகிறது. மன்னனின் புகழ் வேட்கை ஒன்றே காரணம் என்று முன்பு எழுதினர். ஹெர்மன் குல்கே, கே. கேசவபாணி, விஜய் சகூஜா ஆகிய மூவரும் பதிப்பித்து, 2009 இல் சிங்கப்பூரில் வெளிவந்த 'நாகப்பட்டினம் முதல் சுவர்ணத்தீவு வரை' என்னும் பொருள்படும் கட்டுரைத் தொகுதி, சீனத்துச் சோங் அரசோடு நடந்த கடல் வாணிகத்தின் போட்டியையும் எடைபோட்டுப் பார்க்கிறது.

கோயில்களைக் கட்டியவர் யார்?

சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் வழியே சென்றால், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கை அடையலாம். அங்குள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தைக் கண்டு, "இராசேந்திரன் கட்டிய கோயில்" என்று சொல்லி வரும் சுற்றுலாக் கூட்டங்கள் எத்தனையோ!

அச்சின்னங்களைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியவர் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி. 1930-களின் பிற்பகுதியில் குவாரிச் வேல்ஸ் என்பவரும் அவர் மனைவி டாரதியும் அகழ்ந்து ஏறக்குறைய முப்பது இடங்களைக் கண்டறிந்தனர். வேல்ஸ் 1940 இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே 'பண்டை இந்தியக் குடியேற்றம்' என்னும் தொடர் இருந்தது. இந்தியர் அலையலையாக வந்து குடியேறி நாகரிகத்தை ஊன்றினர் என்பது அவர் கருத்து. ஆங்கிலேயர் தாம் நாடு பிடித்த முறையையே பண்டை வரலாற்றின் மேலும் ஏற்றிப் பார்த்தனரோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

இக்கருத்தை அடியோடு அசைத்த நூல், டச்சு அறிஞர் வான் லேயருடையது. 1934 இல் அவர் எழுதிய ஆய்வு, 'இந்தோனேசிய வாணிகமும் சமுதாயமும்' என்னும் பொருளுடைய தலைப்போடு 1955 இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1942 இல் ஜாவாக் கடற்போரில் மாண்டார். கடைத்தெருவில் மிளகு விற்க வந்த வணிகன் அரசுமுறையையும் வேள்வியையும் வடமொழியையும் பரப்பியிருக்க இயலாது என்றும், இவ்வட்டார அரசர்களே தம் தேவைக்காக அந்தணரையும் துறவியரையும் வரவழைத்துக்கொண்டனர் என்றும் அவர் வாதிட்டார். வந்த செல்வாக்கு மேற்பூச்சேயன்றி அடித்தளம் அன்று என்று அவர் கூறியது மிகை என்பார் உளர். ஆயினும் "கொடுத்தவர் யார்?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த வரலாற்றில், "ஏற்றுக்கொண்டவர் யார்? எதைத் தேர்ந்தார்? ஏன் தேர்ந்தார்?" என்னும் வினாக்களை எழுப்பியவர் அவரே.

புக்கிட் பத்து பகாட் கோயிலும் இதற்குச் சான்றாகிறது. 1959-60 இல் அலஸ்டர் லாம் அதனை மீண்டும் எடுத்துக் கட்டினார். கருங்கல் அடித்தளத்தின்மேல் மரத்தூண் நாட்டிக் கூரை வேய்ந்த அமைப்பு அது. நம் நாட்டுக் கருவறையும் மண்டபமும் நினைவுக்கு வரும். ஆனால் அப்படியே அதனை ஒத்த கோயில் தமிழகத்தில் காணுதற்கில்லை. வழிபாடு கடல் கடந்து வந்தது. கட்டியதோ இம்மண்ணின் மழையும் மரமும் அறிந்த கை. அதுவன்றி, இப்பகுதிக்கு வந்தோர் யாவரும் தமிழரும் அல்லர், சைவரும் அல்லர். லோ 1834 இல் கண்டெடுத்த கல்லொன்று, புத்தகுப்தன் என்னும் மாநாவிகனைக் குறிக்கிறது. அவன் வங்காளத்து இரத்தமிருத்திகை என்னும் ஊரினன், பௌத்தன்.

2009 முதல் சுங்கை பத்து என்னும் இடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், செங்கல் கட்டடங்களும், படகுத்துறைகளும் வெளிப்பட்டன. அவற்றுள் மிகத் தொன்மையானவை என்று கூறப்படும் காலக் கணிப்பில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒன்று தெளிவு: சோழர் கப்பல் இங்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இவ்வூரார் இரும்பு உருக்கி விற்ற தொழில்வல்லார். வாணிகர் வந்தது வெறுங்காட்டுக்கு அன்று. பொருள் விளைந்த சந்தைக்கு. பட்டினப்பாலை கூறும் காழகம் கடாரமே என்று நச்சினார்க்கினியர் கொண்ட உரையும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கேயும் காழகம் பேசப்படுவது, வென்ற நாடாக அன்று. பொருள் வரும் நாடாகவே.

ரப்பருக்கு முன்னும் பின்னும்

இனி, சிறுமைக்கு வருவோம். தமிழர் இந்நாட்டுக்கு வந்தது பால்மரம் வெட்டத்தான் என்பது பொதுவான எண்ணம். கெர்னியல் சிங் சாந்து எழுதி 1969 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட 'மலாயாவில் இந்தியர்' என்னும் நூல், 1786 முதல் 1957 வரையுள்ள வரவையும் குடியேற்றத்தையும் கணக்கெடுத்து ஆராய்கிறது.

1786 என்பது பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏறிய ஆண்டு. பினாங்கு அதுவரை கெடா சுல்தானுடையது. பினாங்கைப் பெற்ற பிரான்சிஸ் லைட் 1794 இல் எழுதிய குறிப்பில், அங்கிருந்த சோழமண்டலக் கரைச் சூலியர் சிலர் கெடாவிலேயே பிறந்தவர் என்கிறார். கடைக்காரரும் உழைப்பாளருமாக அவர்கள் முன்னரே இங்கு வாழ்ந்துவந்தனர். அப்பொழுது இந்நாட்டில் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை! ஆகவே நாகையிலிருந்தும் நாகூரிலிருந்தும் கெடாவுக்கு ஆட்கள் வந்து போனது ஓர் அறுபடாத வழக்கம். ஆங்கிலேயர் செய்தது, அவ்வழக்கத்தை ஒப்பந்தமாகவும் கங்காணி முறையாகவும் மாற்றியதே. சயாமின் மேலாண்மையிலிருந்த கெடா 1909 உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறியபின், தோட்டங்கள் பெருகின; 1938 இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை ஆள் சேர்ப்பு நடந்தது.

சாந்துவின் நூலில் நம் நெஞ்சை நிறுத்தும் கணக்கு ஒன்று உண்டு. அந்த 171 ஆண்டுகளில் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் வந்தனர், பெரும்பாலோர் திரும்பினர், திரும்பாமல் எஞ்சியோர் ஏறத்தாழ 12 இலட்சம். ஆனால் 1957 இல் மலாயாவில் எண்ணப்பட்ட இந்தியர் எட்டரை இலட்சத்தைச் சற்றே கடந்தவர். அவர்களிலும் பத்தில் அறுவர் இங்கேயே பிறந்தவர். அப்படியானால் வந்து தங்கியவர் எங்கே? காய்ச்சலும் பாம்புக்கடியும் பட்டினியும் உடற்சோர்வும் கொண்டு போயின என்பதே அவர் கூறும் விடை. "கூலிக்கு வந்த கூட்டம்" என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால், கல்லும் பெயரும் இல்லாத இத்தனை புதைகுழிகள் உள்ளன. மெய்க்கீர்த்தி எழுதப்படாதவர் அவர்கள்.

சோம்பேறியும் சாதுவும்

1977 இல் சையத் உசேன் அலாத்தாஸ் வெளியிட்ட நூல், 'சோம்பேறிச் சுதேசி என்னும் கட்டுக்கதை' எனத் தமிழில் சொல்லத்தக்க தலைப்புடையது. மலாய்க்காரர், பிலிப்பினோக்கள், ஜாவானியர் ஆகியோர் சோம்பேறிகள் என்று ஐரோப்பியர் நூற்றாண்டுக் கணக்கில் எழுதியதை அலாத்தாஸ் வரிசையாக எடுத்து வைத்து, அதன் உள்நோக்கத்தை வெளிப்படுத்துகிறார். வயலில் நெல்லும் கடலில் மீனும் தமக்கென இருந்த மலாய்க்காரர், பிறருடைய தோட்டத்தில் பிறர் குறித்த கூலிக்கு உழைக்க மறுத்தனர். மறுத்ததே சோம்பல் எனப் பெயர் பெற்றது.

இந்நூலைத் தமிழர் தனிக் கவனத்துடன் படிக்க வேண்டும். ஏனெனில், அந்த நாணயத்தின் மறுபக்கத்தில் பொறித்திருப்பது நம் உருவம். தென்னிந்தியத் தொழிலாளியைத் தோட்டத் துரைமார் விரும்பியது அவன் 'சாது', சொன்னபடி கேட்பவன் என்பதற்காக. தன் நிலம் உடையவனைச் சோம்பேறி என்றதும், நிலமற்று வந்தவனைச் சாது என்றதும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதியவை. இதனை உணராத தமிழர், மலாய் அண்டை வீட்டாரைப் பற்றித் துரைமார் சொன்னதை இன்றும் திருப்பிச் சொல்லுகின்றனர். தம்மைப் பற்றிச் சொன்னதையும் நம்புகின்றனர்.

சாது என்பது மெய்தானா? மைக்கேல் ஸ்டென்சன் எழுதி 1980 இல் வெளிவந்த, மேற்கு மலேசியாவில் வர்க்கமும் இனமும் பற்றிய நூல் இதற்கு விடை தருகிறது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் துப்பாக்கி முனையில் அடக்கப்பட்டது. போர் முடிந்தபின் கெடாவில் தோன்றியது தொண்டர் படை. பீடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தை நிலைக்களனாகக் கொண்டு எழுந்த இவ்வியக்கத்தார், இந்திய தேசிய இராணுவத்தின் கட்டொழுங்கைக் கண்டு பழகியவர். சயாம் மரண இரயில்பாதைக்குத் தம்மவரைப் பறிகொடுத்தவர். அவர்கள் முதற்கண் எதிர்த்தது எதனை? கள்ளுக்கடையை. கூலியைக் கையில் கொடுத்து, மாலையில் கள்ளுக்கடையில் திரும்பப் பறிக்கும் ஏற்பாடு தங்கள் குடும்பங்களை அழிக்கிறது என்று அத்தொழிலாளர் தாமாகவே கண்டுகொண்டனர். 1947 இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் காவல் துறையோடு மோதல் நேர்ந்தது, உயிரும் போயிற்று, தலைவர்கள் சிறை சென்றனர். இத்தகையோரைச் சாது என்பதா?

வாய் திறவாதோர்

எதிர்ப்பு என்றால் ஊர்வலமும் முழக்கமும்தான் என்பதும் ஒரு தவறான எண்ணமே. ஜேம்ஸ் ஸ்காட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1978 முதல் 1980 வரை கெடாவின் மூடா நெல்வயல் பகுதியில் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட குடும்பங்கள் கொண்ட ஒரு மலாய்க் கம்பத்தில் ஆராய்ந்து, 'எளியோரின் படைக்கலங்கள்' என்று பொருள்படும் நூலை 1985 இல் வெளியிட்டார். இருபோக விளைச்சலும் அறுவடை இயந்திரமும் வந்தபின் ஏழைகள் வேலை இழந்தனர். அவர்கள் கலகம் செய்யவில்லை. ஆனால் வேலையில் சுணங்கினர். செல்வரைப் புறம் பேசினர். இயந்திரம் கொண்டுவந்தவரின் வயலில் நாற்று நடப் பெண்கள் பிடிகொடுக்காமல் நழுவினர். வாய் திறவாமையை இசைவு என்று கொள்ளுதல் பிழை என்பது ஸ்காட்டின் முடிவு.

இந்நூல் தமிழரைப் பற்றியதன்று. ஆயினும் லயத்தில் வளர்ந்தவர் எவரும் இதில் தம் பாட்டனைக் காண்பர். கம்பத்து ஏழையும் தோட்டத்து ஏழையும் அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாத உறவினர் என்பதையும் உணர்வர். அவ்வுணர்வு ஒன்றே இந்நூலைப் படிப்பதற்குப் போதிய காரணம்.

ஆசிரியர் கூறத்தக்க விடை

2013 இல் பீடோங் அருகே பழங்கோயில் ஒன்றின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டுவிட்ட செய்தி வெளிவந்தபொழுது, நம்முள் பலர் கொதித்தனர். கொதித்தது தகும். ஆனால் அதற்கு முன் அது அங்கே இருந்ததை அறிந்தவர் எத்தனை பேர்? பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனையும் போய் வீட்டுமனைகள் எழுகின்றன. தோட்டத்து மக்கள் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். கல்லில் இருந்த சான்று அழிகிறது. லயத்தில் இருந்த நினைவும் கலைகிறது. எஞ்சுவது நூல்களே.

ஆகவே, அந்தப் பிள்ளையின் வினாவுக்கு ஆசிரியர் இவ்வாறு விடை கூறலாம்: "தம்பி, சோழன் கடாரத்தை வென்றான், ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. கோயிலை நம் வழிபாடும் இம்மண்ணின் கைத்திறனும் சேர்ந்து எழுப்பின. நம்மவர் ரப்பருக்கு முன்னும் இங்கு இருந்தனர். ரப்பருக்காக வந்தவரும் தலை குனிந்தே வாழ்ந்தவர் அல்லர். உன் பாட்டன் மெய்க்கீர்த்தி எழுதிக்கொள்ளவில்லை. அதனை எழுத வேண்டியவன் நீ." இவ்விடையில் முழக்கம் குறைவு, ஆனால் பிள்ளை வளர்ந்து எந்த நூலைத் திறந்து பார்த்தாலும் ஆசிரியர் சொன்னது பொய்யாகாது.